குழித்துறையாற்றுக்கு வள்ளமா, கயாக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்றுப் பயணத்துக்குக் கேனோவைவிடக் கயாக்தான் பாதுகாப்பு, அது கவிழாது, நீச்சல் தெரியாதவரும் தைரியமாக ஏறலாம் என்று உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. இந்த மூன்றில் முதலாவது பாதி சரி, மற்ற இரண்டும் தவறு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறைத் தாமிரபரணி, அந்தப் பக்கம் நெய்யாறு என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் வட்டாரத்தில் அந்தக் குறிப்பை நம்பிப் படகு வாங்கினால், பாதிப் பேர் முதல் சப்பாத்திலேயே (ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த தரைப்பாலம்) திணறிப்போவார்கள். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கேனோ நமக்குப் புதிதல்ல, அது வள்ளம்தான். மேலே திறந்தது. பலகையில் உட்கார்ந்தோ அடித்தட்டில் முட்டி போட்டோ, ஒரு முனையில் மட்டும் அலகுள்ள துடுப்பால் தள்ளுவது. அயினித் தடியில் செய்த நம் கொதும்பு வள்ளமும், வட அமெரிக்கப் பழங்குடியினர் மரப்பட்டையில் கட்டிய கேனோவும் பிறந்த இடம்தான் வேறு, செய்கிற வேலை ஒன்று. கயாக் அப்படியல்ல. வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைக் கலம் அது. காலை நீட்டித் தாழ்வாக உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பை இடம் வலம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். உறையும் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதற்காக மேலே மூடி வைத்தார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே இங்கே ஆற்றுக்கு ஏற்றது, மூடிய பிளாஸ்டிக் கூட்டின் மேலேயே உட்கார்கிற வகை. இதை மேலமர் கயாக் என்று சொல்லிக்கொள்வோம்.

மேலமர் கயாக்கில் இருக்கையைச் சுற்றி அடிவரை துளைகள் இருக்கும். மேலே ஏறிய தண்ணீர் அதன் வழியாகத் தானே இறங்கிவிடும். கூட்டுக்குள் காற்று இருப்பதால் அது எளிதில் மூழ்காது. மூழ்காது என்பதைத்தான் உங்கள் குறிப்பு கவிழாது என்று எழுதிவிட்டது போலும். கயாக் கவிழும். ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி மேல்நீர்ப் பக்கம், அதாவது தண்ணீர் வருகிற பக்கம், சாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழும். அதன் நல்ல குணம், கவிழ்ந்த பிறகு தெரியும். புரட்டிப் போட்டு, நடுவில் இரண்டு கையையும் ஊன்றி, காலை நன்றாக உதைத்து வயிற்றால் ஏறிப் படுத்து, புரண்டு உட்கார்ந்துவிடலாம். இறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்றத்தை இடுப்பளவுத் தண்ணீரில் பத்து முறையாவது பழகியிருக்க வேண்டும்; பழகாதவர் ஆழத்தில் கவிழ்ந்தால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதக்கத்தான் முடியும்.

கேனோ கவிழ்ந்தால் கதை வேறு. 16 அடிக் கேனோ விளிம்புவரை நிரம்பினால் உள்ளே அரை டன் தண்ணீர் இருக்கும். நடு ஆற்றில் அதை இருவர் இறைத்துக் காலி செய்வது நடவாத காரியம். கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்து, ஒரு பக்கம் சாய்த்துக் கொட்ட வேண்டும். முன்னும் பின்னும் காற்றுப் பைகள் கட்டியிருந்தால் உள்ளே ஏறும் தண்ணீர் பாதியாகக் குறையும். கேனோ வாங்குகிறவர் துடுப்பு வாங்குவதற்கு முன்பே இந்தப் பைகளை வாங்கலாம். எது கவிழ்ந்தாலும் நீங்கள் படகுக்கு மேல்நீர்ப் பக்கமாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இருந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவே அகப்படுவீர்கள். படகு பாறையில் குறுக்காக மோதும்போது உடம்பு தன்னாலே பாறையை விட்டு விலகிச் சாயும்; அந்தச் சாய்வில்தான் மேல்நீர் விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே பாயும். பாறையின் பக்கமே சாய்ந்து அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் படகை அழுத்தும் விசை நான்கு மடங்காகும். குறுக்கே சிக்கிய கேனோ வாழைமட்டை போல் மடிவது இதனால்தான்.

இனி, எங்கள் ஆற்றில் தேர்வை உண்மையாக முடிவு செய்கிற விஷயம். படகை எத்தனை முறை தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, திக்குறிச்சி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. படத்தில் பார்த்தால் ஒரே நீர்வழி. இறங்கிப் பார்த்தால் தடுப்பணையும் சப்பாத்துமாக அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. குழித்துறையில் ஒன்று, கடல்நீர் மேலேறாமல் இருக்கப் பரக்காணியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் கரையேறி, படகைச் சுமந்து, மறுபக்கம் இறக்க வேண்டும்.

இதில் சமரசமே கிடையாது. தடுப்பணைக்கு மேலே தண்ணீர் கண்ணாடி போல் அமைதியாக இருக்கும், அதுவே ஏமாற்று. விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் புரண்டு, மேலே எழுந்து, மறுபடியும் அணையை நோக்கியே திரும்பி வரும். அதில் விழுந்த கட்டை மணிக்கணக்கில் அதே இடத்தில் சுற்றுவதைப் பாலத்தில் நிற்கிற யாரும் பார்க்கலாம். ஆள் விழுந்தாலும் அப்படித்தான். உயரம் இரண்டு மூன்று அடிதானே என்று குதிக்க நினைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. சப்பாத்தின் ஆபத்து வேறு மாதிரி. தளத்துக்கு அடியில் இருக்கும் குழாய்களுக்குள் தண்ணீர் இழுக்கும். தண்ணீர் போகும், படகு போகாது. குறைந்தது ஐம்பது மீட்டர் முன்பே கரை ஒதுங்கிவிட வேண்டும். ஓட்டம் கூடுதலாக இருந்தால் நூறு மீட்டர்.

சுமப்பதில் எடைக் கணக்கு இப்படி வரும். 10 அடி ஒற்றை ஆள் மேலமர் கயாக் 20 முதல் 25 கிலோ. இருவர் உட்காரும் 12, 13 அடி வகை 30 முதல் 35 கிலோ. 16 அடி பிளாஸ்டிக் கேனோ 35 முதல் 40 கிலோ. எண்ணில் கயாக் ஜெயிக்கிறது. ஆனால் கேனோவின் நடுக்குறுக்குக் கட்டையை நுகத்தடி போல் வளைத்துச் செய்திருப்பார்கள். கவிழ்த்துத் தோளில் ஏற்றினால் பலசாலி ஒருவரே சுமந்து படியேறலாம், இருவர் இருந்தால் பேச்சே இல்லை. கயாக்கை அப்படிச் சுமக்க முடியாது. முன்பிடி, பின்பிடியைப் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். தனியாக வந்தவர் இழுப்பார். கருங்கல் படித்துறையில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்வதும், வடிதுளையின் வாய் விரிசல் விடுவதும் இதனால்தான். துளைக்குள் கம்பி நுழைத்து மாட்டும் சக்கர வண்டி வசதியாகத் தெரியும். சாமான்களை இறக்காமல் அதில் ஏற்றினால் துளையோரத்தில்தான் கூடு முதலில் பிளக்கும். அதன்பின் கூட்டுக்குள் ஏறும் தண்ணீர் வெளியே தெரியாது. வழக்கத்தைவிடத் தாழ்ந்து, தளும்பிக்கொண்டு போகும்போதுதான் புரியும்.

சாமானுக்கு வள்ளத்தை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, குடிநீர் பத்து லிட்டர், பொதிச்சோறு, மாற்றுத்துணி, கூடவே ஒரு கூடாரம் என்றால் கேனோவைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கயாக்கில் எழுதியிருக்கும் சுமை அளவு மூழ்காமல் மிதப்பதற்கான அளவு. ஓட்டுவதற்கான அளவு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 கிலோ என்று போட்டிருந்தால் 85-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வடிதுளைகள் தலைகீழாக வேலை செய்யும், கீழிருந்து தண்ணீர் மேலே வந்து பொதிச்சோறு குழம்போடு ஆற்றுத்தண்ணீரும் சேர்ந்துவிடும். கேனோவுக்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு: எல்லாம் ஏற்றிய பிறகு நடுவில் விளிம்பு தண்ணீருக்கு மேல் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் யாராவது கரையில் இருங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். முன்பக்கத்தை அணியம், பின்பக்கத்தை அமரம் என்பது நம் கரையின் வழக்கு. கனமானவர் அமரத்தில், குழந்தை நடுவில் அடித்தட்டில். குறுக்குக் கட்டையில் குழந்தையை உட்கார வைப்பது எடையை உயர்த்திக் கவிழ்க்கும் வழி. கேனோவில் தனியாகப் போகிறவர் அமரத்தில் உட்கார்ந்தால் அணியம் மேலே தூக்கிக்கொண்டு காற்று வீசுகிற பக்கமெல்லாம் திரும்பும். அதற்குப் பதில் அணியப் பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, படகையே திருப்பி ஓட்டினால் எடை நடுவுக்கு வந்துவிடும். பலருக்குத் தெரியாத எளிய வித்தை இது.

புதியவர்கள் இருவர் கேனோவில் ஏறினால் பாம்பு போல் வளைந்து போவார்கள். உடனே படகைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு தள்ளலும் படகை எதிர்ப்பக்கம் திருப்புகிறது என்பதே காரணம். அமரத்தில் இருப்பவர் தள்ளி முடிக்கும்போது மேற்கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, அலகை வெளிப்பக்கமாக இலேசாக அழுத்த வேண்டும். அந்தச் சிறு அழுத்தம் திருப்பத்தைச் சரி செய்யும். கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை ஆறேழு தள்ளலுக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தாற்போல் பக்கம் மாற்றிக்கொண்டால் போதும். கயாக்கில் இந்தத் தொல்லை குறைவு. அரைமணி நேரத்தில் யாரும் நேராக ஓட்டிவிடுவார்கள். அங்கே வருகிற பிழை, கையால் மட்டும் துழாவுவது. ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். பாதத்தைத் தாங்கியில் ஊன்றி, முட்டியைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் தள்ள வேண்டும். முதுகுவலி, இடுப்புவலி உள்ளவர்கள் கால் நீட்டிய அந்த இருப்பில் இரண்டு மணி நேரம் தாங்கமாட்டார்கள். கேனோவில் உட்காரலாம், முட்டி போடலாம், ஓட்டமில்லாத இடத்தில் காலை மாற்றிப் போடலாம். எங்கள் ஆற்றின் உயர்ந்த படித்துறைகளிலிருந்து வயதானவர்கள் இறங்கி ஏறவும் கேனோவே எளிது. மணல் திட்டில் இறங்குவதாக இருந்தால் கயாக் எளிது.

துடுப்பின் நீளத்தைக் கடைக்காரர் சொல்லுக்கு விட்டுவிடாதீர்கள். நின்றபடி தரையில் ஊன்றினால் கேனோத் துடுப்பு மோவாய் அளவு இருக்க வேண்டும். மேலமர் கயாக் அகலமானது, எனவே 230 முதல் 240 சென்டிமீட்டர் துடுப்பு வேண்டும். 210 கொடுத்தால் ஒவ்வொரு தள்ளலிலும் விரல் முட்டி விளிம்பில் அடிபடும். கூடுதலாக ஒரு துடுப்பை எப்போதும் படகில் கட்டி வைத்திருங்கள். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் இரட்டை அலகு ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கொத்துச் செடியைத் தூக்கி மடியில் போடும். அங்கே வள்ளத்தில் நின்று கழுக்கோல் ஊன்றுகிறவன்தான் ராஜா. ஆனால் மணல் அள்ளிய கயங்களில் கோல் தரை தொடாது. முழு எடையையும் கோலில் சாய்த்தவர் தலைகுப்புற விழுவார்.

காற்று விஷயத்தில் கயாக்குக்கே எங்கள் ஓட்டு. முஞ்சிறைக்குக் கீழே ஆறு அகன்று, கடலில் சேரும் பொழிமுகத்தை நெருங்கும்போது, முற்பகல் கழிந்தால் கடற்காற்று எதிரே வந்து நிற்கும். தாழ்ந்த கயாக் அதை அறுத்துக்கொண்டு போகும். கேனோவின் உயர்ந்த பக்கங்கள் பாய் போல் காற்றைப் பிடிக்கும். எதிர்க்காற்றில் சாமானைக் கொஞ்சம் அணியத்துக்கு நகர்த்துங்கள், பின்காற்றில் அமரத்துக்கு. காலையிலேயே கீழ்நோக்கிப் போய், பிற்பகலில் அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்புவது புத்திசாலித்தனம். பொழிமுகத்துக்கு அருகே கடல்மட்டம் இறங்கும் வற்று நேரத்தில் ஆற்றோட்டமும் இறங்குநீரும் சேர்ந்து கடலுக்குள் இழுக்கும்; விளையாட்டுப் படகு எதுவானாலும் அங்கே வேலை இல்லை. பூவாறு பக்கம் போகிறவர்களுக்குச் சுற்றுலா இயந்திரப் படகுகளின் அலை இன்னொரு தொல்லை. அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் அணியத்தைச் சற்றுச் சாய்வாக அதற்குக் காட்டுங்கள், முட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வாங்குகிற இன்னொரு வகை உண்டு. கோழிக்கோடு கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் நுரைவெள்ளப் போட்டி நடக்கும். அங்கே ஓடுபவை எட்டு, ஒன்பது அடிக் குட்டைக் கயாக்குகள். அணியமும் அமரமும் வாழைப்பழம் போல் மேலே வளைந்திருக்கும், நினைத்த நொடியில் திரும்புவதற்காக. நிலைத்த தண்ணீரில் அந்தக் குணமே வினை. ஒவ்வொரு தள்ளலுக்கும் திரும்பும், ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் வெறுத்துவிடும். இடுப்பில் பாவாடை போல் மாட்டி உடம்பையும் கூட்டையும் ஒன்றாக்கும் உறையும் அதோடு வரும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்த உறையின் கண்ணியை இழுத்து வெளியேறப் பயிற்சி இல்லாதவர் அதைத் தொடவே கூடாது.

நீச்சல் தெரியாதவரும் ஏறலாம் என்ற வரிக்கு வருகிறோம். மிதவைச் சட்டை நீச்சல் தெரிந்தவருக்கும்தான். பாறையில் தலை அடிபட்டால் நீச்சல் மறந்துபோகும். சட்டையின் மிதப்பு விசை நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கான துணை. மற்றவர்களுக்கு 100 நியூட்டனும் கழுத்துப் பட்டையும் உள்ளது வேண்டும். எல்லா வாரையும் பூட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. வாடகைச் சட்டைகளில் நுரை நசுங்கித் தட்டையாகியிருந்தால் மிதப்பு போய்விட்டது என்று பொருள். கடல் அலைக்கென்று கணுக்காலில் கட்டும் கயிற்றை ஆற்றில் கட்டக்கூடாது. தாழைப் புதரிலோ சாய்ந்த மூங்கிலிலோ அது மாட்டினால் தண்ணீர் உங்களை அழுத்திக்கொண்டே இருக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மழைக்காலத்தில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் காத்திருக்கிறது.

பராமரிப்பு பற்றிச் சிறிதளவு. பிளாஸ்டிக் படகை வெயிலில் இரண்டு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனால் அடி குழிந்துவிடும். நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். காரின் மேல் வாரை முறுக்கி முறுக்கிக் கட்டுவதும் அதே குழியைத்தான் உண்டாக்கும். உப்புத்தண்ணீரில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவினால் சுக்கான் கம்பி பிழைக்கும்.

ஆகவே குடும்பத்தோடு, சாமானோடு, திக்குறிச்சிக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் ஒரு பகல் என்றால் கேனோ. தனியாக, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு, காற்றுள்ள கீழ்ப்பகுதியில் என்றால் மேலமர் கயாக். வாடகைக்கு விடுகிறவர்கள் பத்தும் ஒற்றைக் கயாக்காக வாங்காமல் மூன்று கேனோவாவது சேர்த்தால், தாத்தாவும் பேத்தியும் வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது. இயந்திரம் இல்லாத கலங்களையும் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது என்பதை அவர்கள் நினைவில் வைக்கட்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சிப்பாறை 48 அடியில் இத்தனை, பெருஞ்சாணி 77 அடியில் இத்தனை என்று தினமும் அணை நிலவரம் வெளியிடுகிறீர்கள். விவசாயிக்கு அது போதும். ஆற்றில் இறங்குகிறவருக்கு வேண்டியது, கால்வாய்க்குப் போவது நீங்கலாக ஆற்றில் விடப்படும் உபரிநீர் எத்தனை கனஅடி, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பது. மேலே மலையில் மழை பெய்து மதகு திறந்தால், குழித்துறையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அந்த ஒரு எண்ணை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
துடுப்புப் படகு ஆர்வலர்கள் சிலர்,
களியக்காவிளை.